பாய்லர் தொட்டித் தண்ணீர்

பாய்லர் கொட்டகையில் வேலை செய்கிறவன் நெருப்புக்குத்தான் பயப்படுவான் என்று பொழிச்சலூரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெபசீலன் பயந்தது தண்ணீருக்கு. அது அவன் அக்கா ரத்தினபாய்க்கு மட்டும் தெரியும். அந்தப் பயத்தை அவன் அவளுக்கு விளக்கிச் சொன்ன நாளிலிருந்து அது அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

அப்பா சுவிசேஷமுத்து காலமானபோது ஜெபசீலன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். ரத்தினபாய் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பழைய தையல் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்து, தாயும் இல்லாத தம்பியை வளர்த்தாள். அவன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் பாய்லருக்கு விறகு தள்ளும் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே மேஸ்திரியாக இருந்த சுப்பராயலுவிடம் கேட்டுக் கேட்டுத் தொழிலைக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி, இரண்டாம் வகுப்பு பாய்லர் அட்டெண்டர் சர்ட்டிபிகேட் வாங்கினான். ரத்தினபாய் அதைத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து, மெஷினுக்கு நேர் மேலே மாட்டினாள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது கண் அதன் மேல்தான் போகும். அது என்ன என்று யாராவது கேட்கட்டும் என்று அவள் அளவை மெதுவாகவே எடுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பிறகு, நாள் முழுக்க அங்கே என்னதான் செய்கிறாய் என்று அவனைக் கேட்டாள். தண்ணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தாள். அவன் விளையாடவில்லை.

பாய்லர் என்பது படுக்க வைத்த பெரிய இரும்புப் பீப்பாய். அதன் வயிற்றுக்குள் நெருப்பு எரிகிற இரும்புக் குகை. குகையைச் சுற்றிலும் மேலேயும் தண்ணீர். உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று காட்ட முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் தண்ணீர் பாதிக்கு நிற்க வேண்டும். கஷ்டம் என்னவென்றால், குழாய் முழுக்க நிரம்பிவிட்டாலும் சரி, ஒரு சொட்டும் இல்லாமல் வற்றிவிட்டாலும் சரி, பார்க்கிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வெறும் கண்ணாடிதான் தெரியும்.

இதைச் சொல்லிவிட்டு அவன் ஒரு அட்டையில் சாய்வாகக் கோடுகள் போட்டு, கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நிறுத்தினான். கோடுகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் ஏறிய உயரம் வரைக்கும் கோடுகள் புரண்டு இடப்பக்கம் சாய்ந்தன. ரத்தினபாய் டம்ளருக்குப் பின்னால் கையை விட்டு அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அட்டை அசையவில்லை. தண்ணீர் சும்மா நின்றபடியே கோட்டைத் திருப்பிப் போட்டிருந்தது.

பாய்லர் கண்ணாடிக்குப் பின்னாலும் இதே மாதிரி சிவப்புக் கோடு அடித்திருப்பதாகச் சொன்னான். கோடு புரண்டு தெரிந்தால் தண்ணீர் இருக்கிறது. புரளவில்லை என்றால் இல்லை.

"இல்லேன்னா ஊத்திட வேண்டியதுதானே?" என்றாள்.

"அதைத்தான்க்கா செய்யக் கூடாது."

அவளை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனான். தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, கல் சுட்டதும் ஒரு சொட்டு தெளித்தான். சொய்யென்று மறைந்தது. கல்லை இன்னும் நன்றாகக் காயவிட்டு மறுபடி தெளித்தான். இந்தத் தடவை சொட்டு மறையவில்லை. முத்து மாதிரி உருண்டு, கல் மேல் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீருக்கும் கல்லுக்கும் நடுவில் அதன் ஆவியே ஒரு மெத்தை போட்டுக்கொள்கிறது, அதனால் சூடு ஏறவில்லை என்றான். பிறகு அடுப்பை அணைத்தான். கல் கொஞ்சம் ஆறியதும், அதுவரை சாதுவாக ஓடிய முத்து பட்டென்று சீறிச் சிதறியது. ரத்தினபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தண்ணீர் வற்றினால் குகையின் கூரை இப்படித்தான் காய்ந்து சிவக்கும். அதன் மேல் தண்ணீர் விழுந்தால் முதலில் ஒன்றும் ஆகாதது போலவே இருக்கும். பிறகு ஒரே நொடியில் ஆவியாகும். ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு டம்ளருக்கு இடம் கேட்கும். மூடிய இரும்புக்குள் அந்த இடத்துக்கு எங்கே போவது? கிடைக்காவிட்டால் கொட்டகையைப் பிய்த்துக்கொண்டு எடுத்துக்கொள்ளும்.

அவள் அன்று தோசை சுடவில்லை. சோறு வடித்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் பட்டணம் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். பம்மல், பொழிச்சலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் ஊறிய கொஞ்ச நஞ்சமும் உப்பு. சோறு வேகாது, பருப்பு வேகவே வேகாது. பாய்லருக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. கொதிக்கக் கொதிக்க உள்ளே கல்லாகப் படிந்துவிடும். அதனால் கம்பெனிக்கு நாள்தோறும் வெளியூரிலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வரும். அதை இரும்புச் சட்டத்தின் மேலே வைத்த ஒரு தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து பம்பு வழியாகப் பாய்லருக்கு விடுவார்கள். அந்த வட்டாரத்தில் நாக்கில் வைக்க முடிந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

தெருப் பெண்கள் போய்க் கேட்டார்கள். முதலாளி நல்ல மனிதர். மதியச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு ஒரு குடம் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். பிட்டர் ஒருவர் பம்புக்குப் போகும் பைப்பிலேயே ஒரு கிளை வைத்து, சுவருக்கு இந்தப் பக்கம் குழாய் மாட்டிக் கொடுத்தார். தொட்டியில் ஒரு பகுதியைப் பாய்லருக்கென்று நிறுத்திவைத்து, அதற்கு மேலே கிளை வைத்திருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை. தருமக் காரியம் சீக்கிரம் நடக்க வேண்டும் என்ற அவசரம்.

அப்படித்தான் சங்கு ஊதியதும் குழாயடியில் பிளாஸ்டிக் குடமும் பித்தளைக் குடமுமாக வரிசை நிற்கிற வழக்கம் வந்தது. ரத்தினபாயும் நிற்பாள். பாய்லர் அட்டெண்டரின் அக்கா என்று முன்னால் விடுவார்கள். அவள் போக மாட்டாள். கடைசியில் நிற்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

மே மாதத்தில் ஒரு நாள் லாரி வரவில்லை. வழியில் எங்கேயோ டயர் வெடித்துவிட்டதாம். தொட்டியில் முந்தின நாள் மிச்சம் இருந்தது, மாலைவரை தாங்கும் என்று ஜெபசீலன் கணக்குப் போட்டிருந்தான். இன்றைக்குக் குழாயைத் திறக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லச் சொல்லி ஆள் அனுப்பினான். அந்த ஆள் வழியில் வேறு வேலைக்கு இழுக்கப்பட்டுவிட்டான். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் தோல் காயவைக்கும் ஷெட்டில் ஆவிக் குழாய் ஒழுகுகிறது என்று சுப்பராயலு கூப்பிட, கண்ணாடியைப் பார்த்துக்கொள் என்று விறகு தள்ளும் பொன்னுசாமியிடம் சொல்லிவிட்டு ஜெபசீலன் அங்கே போனான்.

சங்கு ஊதியது. வாட்ச்மேன் எப்போதும்போலக் குழாயைத் திறந்தார். அன்றைக்கு வரிசை நீளம். பக்கத்துத் தெரு எல்லம்மா தன் ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வீட்டுக்கு ஒரு குடம் என்பது ஆளுக்கு ஒரு குடம் ஆகிவிட்டிருந்தது.

ரத்தினபாயின் முறை வந்தபோது குடத்தில் கால் பாகம் ஏறியது. பிறகு குழாய் கொரகொரவென்று இருமியது. ஒரு நூல் தண்ணீர் வந்தது. பிறகு காற்று.

"காலியாயிட்ச்சி போல," என்றாள் முன்னால் நின்ற கன்னியம்மா. "உனுக்குத்தான் எப்பவும் இப்பிடி, கடைசீல போய் நிக்கிற. என்துல பாதி வாங்கிக்கோ."

சுவருக்கு அந்தப் பக்கம் பம்பு மோட்டாரின் சத்தம் வேறு மாதிரி கேட்டது. எப்போதும் அடித்தொண்டையில் உறுமுவது, இப்போது லேசாக, வேகமாக, ஒன்றும் சுமக்காதது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு ரத்தினபாய் கொட்டகை வாசலுக்கு ஓடினாள்.

பொன்னுசாமி அடுப்பு வாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்தான். நெருப்பு முழு வீச்சில் எரிந்தது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவன் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தான்.

"ஃபுல்லா கீதுக்கா. மேல வரைக்கும் கீது."

அவளும் பார்த்தாள். கண்ணாடி தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னால் தம்பி அடித்த சிவப்புக் கோடுகள், கண்ணாடிக்கு வெளியே எந்தப் பக்கம் சாய்ந்திருந்தனவோ உள்ளேயும் அதே பக்கம் சாய்ந்திருந்தன. அடியிலிருந்து உச்சிவரை ஒரு கோடுகூடப் புரளவில்லை. தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்த வாய் திறந்தாள்.

கத்த வேண்டியிருக்கவில்லை. பம்பின் சத்தம் மாறியது அவனுக்கும் கேட்டிருந்தது. ஷெட்டிலிருந்து ஓடிவந்தவன் அவளைத் தாண்டிப் போய், கண்ணாடியின் அடியில் இருந்த சின்னத் திருகை ஒரு சுற்றுத் திருப்பினான். தண்ணீர் இருந்தால் அதன் மூக்கிலிருந்தே வெள்ளையாகப் பொங்கும். வெள்ளை வந்தது, ஆனால் மூக்கை விட்டு ஒரு சாண் தள்ளி. நடுவில் ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தெரியாத ஒரு சாண்தான் அசல் ஆவி, தண்ணீர் கலக்காதது. அவன் திருகை மூடினான்.

"பொன்னுசாமி, விறகை விடு. மணலு, சாம்பலு, எது கிடைச்சாலும் அடுப்புல கொட்டு. தண்ணி மட்டும் கிட்ட வரக் கூடாது." பிறகு அவளிடம், "அக்கா, மோட்டார் ஸ்விட்சு. தொட்டிக்குக் கீழே. ஓடு," என்றான்.

பாய்லருக்குள் தண்ணீர் போகும் வால்வு பீப்பாயின் முதுகில் இருந்தது. அதை மூட அவன் ஏணியில் ஏறினான். அவள் வெளியே ஓடினாள்.

வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தொட்டி காலி, அப்படியென்றால் பாய்லருக்கும் தண்ணீர் இல்லை என்று ரத்தினபாய் ஓடியதிலிருந்தே குழாயடியில் புரிந்துவிட்டிருந்தது. நாம் பிடித்த தண்ணீரால்தான் இப்படி ஆயிற்று என்று பெண்களுக்கு நெஞ்சு பதறியிருந்தது. தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்துவிட்டார்கள். கன்னியம்மா தொட்டி ஏணியின் உச்சியில் நின்றாள். கீழேயிருந்து கைக்குக் கை குடங்கள் ஏறிக்கொண்டிருந்தன. வீட்டில் நாள் முழுக்க ஒரு சொட்டு இல்லாதவர்கள், ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை.

"ஊத்தாதே கன்னியம்மா!"

"இன்னா ரத்னா, உன் தம்பிக்குத்தானே ஊத்துறோம்," என்றாள் அவள். குடம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டிருந்தது.

தண்ணீர் தொட்டியில் விழுந்தது. பைப்பில் இறங்கியது. சுற்றிக்கொண்டிருந்த மோட்டார் ஒரு கணம் திக்கி, பழைய உறுமலுக்கு வந்தது. பெண்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அடுத்த குடம் மேலே போனது.

ரத்தினபாய் ஸ்விட்சை எட்டியபோது கீழே நின்ற செல்லம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் தண்ணீர் போகிறது, பயத்தில் அணைக்கப் பார்க்கிறாயே என்று அழுகிற குரலில் கேட்டாள். வாழ்நாளில் யாரையும் தள்ளியறியாத ரத்தினபாய் அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, ஈரக் கையோடு நெம்புகோலைக் கீழே இழுத்தாள். மோட்டார் நின்றது.

"அது உள்ள போனா அவன் செத்துடுவான். எல்லாரும் செத்துடுவோம். கீழ எறங்கு கன்னியம்மா."

அவள் சொன்னது யாருக்கும் புரியவில்லை. ஆனால் சொன்ன முகத்தைப் பார்த்து எல்லோரும் புரிந்துகொண்டார்கள். தூக்கிய குடங்கள் தூக்கியபடியே நின்றன.

ஒரு குடம் போயிருந்தது. அதில் எவ்வளவு பைப்பில் நின்றது, எவ்வளவு உள்ளே விழுந்தது, அதற்குள் ஜெபசீலன் வால்வை மூடினானா என்று தெரிய வழியில்லை. சுப்பராயலு ஓடிவந்து எல்லோரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டுக் கொட்டகைக்குள் போனார். தொழிலாளர்களும் பெண்களும் குடங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ரத்தினபாயை இரண்டு பேர் பிடித்து இழுத்துப் போனார்கள்.

எதிர்ச் சுவரின் பின்னால் நின்று அவள் புகைபோக்கியைப் பார்த்தாள். ஓடுகிற முத்து அவள் கண்ணுக்குள் ஓடியது. விழுந்த தண்ணீர் இப்போது அந்தச் சிவந்த இரும்பின் மேல் சாதுவாக உருண்டுகொண்டிருக்கும். அடுப்பில் மணல் விழ விழ இரும்பு ஆறும். ஆறுகிற ஏதோ ஒரு நொடியில்தான் அது சீறும். நெருப்பை அணைக்கத்தான் வேண்டும், அணைக்கிற ஒவ்வொரு கூடை மணலும் அந்த நொடியைக் கிட்டே கொண்டுவருகிறது. உள்ளே தம்பியும் பொன்னுசாமியும் சுப்பராயலுவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

கொட்டகைக்குள்ளிருந்து ணங்கென்று ஒரு சத்தம் வந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. யாரோ ஆண்டவரே என்றார்கள். பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாதது சத்தத்தைவிட மோசமாக இருந்தது. மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்ந்து இரைந்து போக, தினம் பத்து விமானம் பார்க்கிற அந்தத் தெருவே தரையில் குந்திவிட்டது. ரத்தினபாய் மட்டும் நின்றாள். உட்கார்ந்தால் புகைபோக்கி தெரியாது.

வெயில் சாயத் தொடங்கியபோது புகை மெலிந்து நின்றது. முதலில் பொன்னுசாமி வந்தான், பிறகு சுப்பராயலு. ஜெபசீலன் வரவில்லை. பிரஷர் முள் தானாக இறங்க வேண்டும், அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டாலும் ஆபத்து, அதனால் கூட இருக்கிறான் என்று சுப்பராயலு சொன்னார். தானும் இருப்பதாகத்தான் சொன்னாராம். ஒருத்தர் போதும் என்று அவன் அனுப்பிவிட்டானாம்.

தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது அவன் வந்தான். முடியெல்லாம் சாம்பல். நேராக அக்காவிடம் வந்து நின்றான். அவள் அவன் தலையைத் தொட்டாள், காதைத் தொட்டாள், சட்டைக் காலரைச் சரிசெய்தாள். யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வால்வு மேல கை வெச்சதும் கை தெறக்கத்தான்க்கா போச்சு," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "மூடணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போச்சு. காஞ்சு கெடக்கே, கொஞ்சம் குடுப்போம்னு. இந்தக் கையால அந்தக் கையைப் பிடிச்சுத்தான் மூடினேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் அந்த வேலையை விட்டுவிடு என்று அவள் கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, வேறு ஒருத்தன் வந்து நின்றாலும் அவன் கையும் அப்படித்தான் போகும், என் கை எனக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்குத் தெரியாது என்றான். பயம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். பெருமைதான் அவள் வாயை அடைத்தது.

பாய்லரைத் திறந்து பார்த்தபோது குகையின் கூரை ஒரு இடத்தில் உள்ளங்கை அளவுக்குத் தொங்கியிருந்தது. அந்தத் தகட்டை வெட்டி மாற்றி, இன்ஸ்பெக்டர் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு மறுபடி நெருப்பு வைத்தார்கள். வைத்தவன் ஜெபசீலன். பெண்களுக்குத் தனியாக ஒரு சிறிய தொட்டி கட்டி, பம்புக்கும் குழாய்க்கும் சம்பந்தம் இல்லாமல் செய்தார்கள். இனி யார் எவ்வளவு பிடித்தாலும் பாய்லருக்கு ஒன்றும் ஆகாது. சுப்பராயலுவே வந்து விளக்கிச் சொன்னார். கன்னியம்மா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினாள். ஆனாலும் முதல் நாள் சங்கு ஊதியதும் யாரும் குடத்தைக் குழாயடியில் வைக்கவில்லை. கொட்டகை வாசலைப் பார்த்தபடி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஜெபசீலன் வெளியே வந்து, என்ன நிற்கிறீர்கள் என்று கேட்டான். விஷயம் புரிந்ததும், கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து, கையைத் தூக்கிக் காட்டினான். அப்புறம்தான் பிடித்தார்கள்.

அது வழக்கமாகிவிட்டது. எண்பத்தைந்தில் பெருமழை பெய்து கிணறுகள் நிரம்பின. வாயில் வைக்க முடியாத உப்பு அப்போதும் போகவில்லை, அதனால் வரிசையும் போகவில்லை. ஜெபசீலன் முதல் வகுப்பு சர்ட்டிபிகேட் வாங்கி, கல்யாணம் செய்து, மேஸ்திரியும் ஆனான். மதியம் கை காட்டுவதை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் சங்கு ஊதி வெகுநேரம் ஆகியும் அவன் வெளியே வரவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்தினார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு பெண், எதற்கு எல்லோரும் மரம் மாதிரி நிற்கிறீர்கள் என்று கேட்டுக் குடத்தை முன்னால் வைக்கப் போனாள். கன்னியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. ரத்தினபாய் மோட்டார் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தாள். தன் நெஞ்சு அடித்ததில் எதுவும் கேட்கவில்லை.

ஜெபசீலன் வந்தான். சாப்பிட உட்கார்ந்துவிட்டானாம், கையில் சோற்றுப் பருக்கை. அந்தக் கையையே தூக்கிக் காட்டினான். வரிசை சிரித்தது, குடங்கள் நகர்ந்தன. கடைசியில் நின்ற ரத்தினபாய் தன் முறை வந்தபோது குழாயைத் திறந்தாள். தினமும் தூக்குகிற அதே குடத்தை அன்று அவளால் இடுப்புக்கு ஏற்ற முடியவில்லை. கன்னியம்மாதான் தூக்கிக் கொடுத்தாள்.